மச்சாண்டாருக்கு வலிக்குமா?

எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. மேலே ஏதோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த மகராசன் ஒருவர், சக்கரம் இல்லாமல் நாலு காலால் நடக்கும் ரோபோக்களைப் பற்றிய இங்கிலீஷ் உத்தரவைத் தமிழாக்கினார். காலால் நடப்பவை என்பதால் 'கால்நடை இயந்திரங்கள்' என்று பெயர் வைத்தார். இலக்கணப்படி பார்த்தால் தப்பே கிடையாது. 'நாற்காலி இயந்திரம்' என்று எழுதியிருந்தால் அந்தக் கோப்பு மேசை பெஞ்சு வாங்கும் பிரிவுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருக்கும். கால்நடை என்று எழுதிவிட்டதால் நேராக எங்கள் துறைக்கு வந்தது. வந்த கோப்பைக் கீழே தள்ளிவிடுவதுதானே வழக்கம், தள்ளிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் அது தரை தட்டிய இடம் வேலாங்காட்டுப்புதூர் கால்நடை மருந்தகம், அதாவது நான்.

என் பெயர் இந்துராணி. மாட்டு டாக்டர். முப்பத்தொரு வருட சர்வீஸ், ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். மாட்டின் வயிற்றுக்குள் தோள்வரை கைவிட்டுக் கன்று இழுத்த கை என்னுடையது. அந்தக் கையால் இனி ரோபோக்களைப் பதிவு செய்ய வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், உடல்தகுதிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்றார்கள். மேலதிகாரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "உத்தரவுன்னா உத்தரவும்மா" என்று வைத்துவிட்டார்.

முதல் வாரம் என் உதவியாளர் ஆறுச்சாமி ஊசியும் கையுமாக ஒரு ரோபோவைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏனுங்கம்மா, இதுக்குக் கோமாரி ஊசி எங்கத்திக்குக் குத்தறதுங்க? நாலு பக்கமும் தகரமா இருக்குது."

"குத்துனதா எழுதிக்கப்பா. கோமாரி வந்தா நான் பொறுப்பு."

ஊர்க்காரர்கள் அந்த ஜந்துக்களை எடுத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அதை வைத்து ஒரு டாக்டர் பட்டமே வாங்கலாம். தென்னந்தோப்புக் காவலுக்கு ஒன்று, பால் சொசைட்டி வாசலுக்கு ஒன்று என்று வந்து இறங்கின. நடந்து போகும் அழகைப் பார்த்தால் இயந்திரம் என்றே தோன்றாது. விலா ஏறி இறங்கும். சேற்றில் வழுக்கினால் நாலு காலையும் பரப்பித் தடுமாறி எழுந்து, அப்புறம் ஒரு நிமிடம் தலையைத் தாழ்த்திக்கொண்டு வெட்கப்பட்டு நிற்கும். அந்த வெட்கத்தில்தான் ஊரே விழுந்தது. டீக்கடையில் அதற்குப் பொரை வாங்கிப் போட்டார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தவர்கள், மாட்டுப் பொங்கலுக்கு மாலையும் போட்டார்கள். வருடத்துக்கு இரண்டு பூஜை வாங்கிய ஜீவன் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். பஸ்ஸில் ஏற்றியபோது அதற்கு லக்கேஜ் டிக்கெட் போடுவதா ஆட்டு டிக்கெட் போடுவதா என்று ஒரு கண்டக்டர் அரைமணி நேரம் வண்டியை நிறுத்திவைத்தார். தெருநாய்கள்தான் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டன.

கொஞ்சிய அதே ஆட்கள், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தால் ஒரு உதையும் விட்டுப் பார்த்தார்கள். ஏனப்பா என்று கேட்டால், "சும்மாதானுங்க, எந்திரிக்குதான்னு பாத்தேன்" என்பார்கள். சும்மா விடத்தான் யாராலும் முடியவில்லை.

ஊருக்குக் கிழக்கே கனகசபாபதியின் நூல் மில் இருக்கிறது. அவரும் ஒன்று வாங்கினார். திருட்டுக் காவலுக்கு அல்ல. மிஷின் ஓட்டும் பெண்கள் பாத்ரூம் போனால் பின்னாலேயே போய்க் கதவோரம் உட்காருவதற்கு. மூன்று நிமிடம் ஆனால் முன்னங்காலால் கதவைச் சுரண்டும். நாலு நிமிடம் ஆனால் ஆடு மாதிரி கத்தும், மில் முழுக்கக் கேட்கும். அது வருகிறது என்றாலே பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். புருஷனின் அண்ணன் எதிரே வந்தால் அப்படித்தானே நிற்க வேண்டியிருக்கிறது. அதனால் அதற்கு 'மச்சாண்டார்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பங்குனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மாராத்தாள் என்பவள் மச்சாண்டாரை எட்டி ஒரு உதை விட்டாள். அது பதினொரு படி உருண்டு கீழே போய் விழுந்தது.

விழுந்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எழுந்து பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. முனகியது. சுவரோரம் போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நடுங்கியது. மில்லின் கேமராவில் பதிவான இதை யாரோ வெளியே விட, சாயங்காலத்துக்குள் நாடே கண்ணீர் விட்டது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து மில் வாசலில் மஞ்சள் பற்று வைத்துவிட்டுப் போனது. ஓர் அம்மாள் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தாள். அடிபட்டது நாலு கால் ஜீவன் என்பதால் நாலு காலும் போட்டிருந்தாளாம். மாராத்தாளின் படத்தைப் போட்டு, இவளைத் தூக்கில் போட வேண்டும் என்று எழுதினார்கள். எழுதியவர்களில் பாதிப்பேர் அந்த நேரத்துக்குக் கோழி தின்றுகொண்டிருந்திருப்பார்கள்.

கனகசபாபதி போலீஸுக்குப் போனார். பொருளைச் சேதப்படுத்தியதாகப் புகார் கொடுத்தால் அபராதத்தோடு போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அரசாங்க உத்தரவில் கால்நடை என்று இருக்கிறதே! மிருகவதைத் தடுப்பில் புகார் கொடுத்தார். நிரூபணமானால் புதுச் சட்டப்படி இரண்டு வருடம் ஜெயில்.

சப்-இன்ஸ்பெக்டர் முகில்வண்ணன் மருந்தகத்துக்கு வந்தபோது நான் ஓர் எருமையின் வாய்க்குள் கைவிட்டுக்கொண்டிருந்தேன். நல்ல பிள்ளை, எருமை முடியட்டும் என்று காத்திருந்தார்.

"மேடம், உங்க சான்றிதழ் வேணும். திங்கக்கிழமைக்குள்ள. அதுல ஒரே ஒரு கேள்விதான். கால்நடைக்கு வலி ஏற்பட்டதா, இல்லையா."

"ஏற்பட்டதுன்னு எழுதுனா?"

"அந்தம்மா உள்ள போயிடும்."

"இல்லைன்னு எழுதுனா?"

"வீட்டுக்குப் போயிடும். உங்க கையிலதான் மேடம் இருக்கு."

இதென்ன பெரிய விஷயம், இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த எருமையைப் பார்ப்போம் என்றுதான் அன்று நினைத்தேன்.

மறுநாள் மில்லுக்குப் போனேன். ஆபீஸ் அறையில் ஃபேனுக்குக் கீழே, சணல் சாக்கு விரித்து மச்சாண்டாரைப் படுக்கவைத்திருந்தார்கள். பக்கத்தில் கனகசபாபதி, வீட்டில் துக்கம் நடந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். ரோபோ கம்பெனி, நிரஞ்சன் என்ற இஞ்சினியரை சென்னையிலிருந்து அனுப்பியிருந்தது. கையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

நான் உட்கார்ந்து பின்னங்காலைத் தொட்டேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. உடம்பு முழுக்க அலை அலையாக நடுக்கம் ஓடியது. பால்குடி மறக்காத கன்று தாயைத் தேடுகிற மாதிரி ஒரு முனகல். மெல்லத் தலையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, என் கை தானாகப் போய் அதன் தாடைக்கு அடியில் சொறிந்துகொடுத்தது. பேட்டரி என்று தெரியும், தெரிந்தும் சொறிந்தேன்.

"ஏந்தம்பி, நெசத்துக்குமே இதுக்கு வலிக்குதா?" என்றேன்.

"இல்ல மேடம். வலிக்கிற மாதிரி காட்டும், அவ்வளவுதான். முதல் மாடல்ல இது கிடையாது. போறவன் வர்றவன் எல்லாம் உதைச்சான். மாசத்துக்கு நாற்பது மெஷின் சர்வீஸுக்கு வந்துச்சு. முனகல் வச்ச பிறகு நாலுதான் வருது."

"முனகறதுக்கு ஆரு கத்துக்குடுத்தாங்க?"

"யாரும் கத்துக்கொடுக்கல. அடிபட்ட நாய், கன்னுக்குட்டி, ஆடுன்னு ஆயிரக்கணக்கான வீடியோ காட்டினோம். எப்படி அழுதா மனுஷங்க மனசு இளகுதுன்னு அதுவே பார்த்துப் பார்த்துக் கத்துக்கிச்சு."

"மனுசங்க அழுவற வீடியோ காட்டலையா?"

"அதுவும் காட்டினோம் மேடம். அதுக்கு அவ்வளவா ரிசல்ட் வரல."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். கனகசபாபதி குறுக்கே வந்தார்.

"டாக்டரம்மா, தம்பி சொல்றதெல்லாம் விடுங்க. உங்க கண்ணு முன்னால நொண்டுது, நடுங்குது, முனகுது. மாடு மட்டும் என்ன, வாயத் தொறந்து எனக்கு வலிக்குதுங்கன்னு சொல்லுதுங்களா? போன மாசம் லாரியில போன முப்பத்திரண்டு மாட்டுக்கு வலின்னு எழுதிக் குடுத்தீங்களே, இப்பிடி நொண்டறதும் நடுங்கறதும் பாத்துத்தானுங்களே?"

ஆள் விவரமானவர். எங்கள் வேலையின் அடிமடியிலேயே கைவைத்துவிட்டார். மாட்டுக்கு வலி இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஓர் அட்டவணை உண்டு. நடை, சத்தம், நடுக்கம், தொட்டால் இழுப்பது, இப்படி ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கோர்ட்டும் அதைத்தான் ஒப்புக்கொள்கிறது. அந்தக் கணக்கில் மச்சாண்டாருக்குப் பத்துக்கு எட்டு. இவ்வளவு அறிகுறி இருந்தும் வலி இல்லை என்று நான் ஒரு தடவை கையெழுத்துப் போட்டால் போதும். மாட்டை லாரியில் அடுக்கி, வாலை முறித்து, கண்ணில் மிளகாய் தேய்த்து ஓட்டுகிறவனின் வக்கீல் நாளைக்கு அதே தாளை ஆட்டுவார். 'அறிகுறி இருந்தால் வலி என்று அர்த்தமில்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்களே!' முப்பத்தொரு வருட வேலை ஒரே கையெழுத்தில் போய்விடும். காப்பாற்றுவது மாராத்தாளையா மாட்டையா என்று நிறுத்திவிட்டார் பாவி.

காற்று வாங்க வெளியே வந்தேன். மாராத்தாள் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயது, ஒல்லியான உடம்பு, கொண்டையில் பஞ்சுத் தூசி. இருபத்திரண்டு வருடமாக அதே மில். வலது காலை ஊன்றாமல் நின்றாள்.

"கால்ல என்னம்மிணி?"

"பெருவிரல் நகம் பேந்துருச்சுங்க. அது கெடக்குதுங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "டாக்டரம்மா, நெசத்தச் சொல்லுங்க. அதுக்கு வலிச்சுதுங்களா?"

"ஏன் கேக்கற?"

"வலிச்சிருந்தா தப்புத்தானுங்க. நானு மாடு மேச்சு வளந்தவ. ஒரு கன்னுக்குட்டியக்கூடக் கைநீட்டி அடிச்சதில்ல. ரெண்டு நாளா சோறு எறங்கலீங்க."

"அப்பறம் ஏன் ஒதச்ச?"

"புதுசா ஒரு புள்ள வேலைக்கு வந்துருக்குதுங்க. தூரமாயிருச்சு, பாத்ரூமுல இருந்துது. துணி மாத்த மூணு நிமிசத்துல முடியுங்களா? இது கதவச் சொரண்டுச்சு. அப்பறம் கத்துச்சு. மேஸ்திரி, பிட்டரு எல்லா ஆம்பளைங்களும் திரும்பிப் பாக்கறாங்க. உள்ளேருந்து அந்தப் புள்ள, 'அக்கா, அதப் போகச் சொல்லுக்கா'ன்னு அழுவுது. நாஞ்சொன்னேன், போகல. ஒதச்சுட்டேன்."

"அதுக்கு வலிக்கல மாராத்தா. சத்தியமா வலிக்கல."

"அப்பறம் ஏனுங்க அழுவுது?"

"நீ ஒதைக்கக் கூடாதுன்னுதான்."

"ஒதைக்கறதுக்கு முன்னாடி அந்தப் புள்ளயும்தானுங்க அழுதுது" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு உள்ளே போய் நானே இன்னொரு உதை விட்டிருப்பேன்.

அதற்குப் பதிலாக நிரஞ்சனைத் தனியே கூப்பிட்டேன். "தம்பி, இது ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நடக்குது?"

பெட்டியைப் பார்த்துச் சொன்னான். "இருபத்தொண்ணரை மணி நேரம் மேடம். மிச்சம் சார்ஜ் ஏத்தறதுக்கு."

"லீவு?"

சிரித்தான். "மெஷினுக்கு என்ன மேடம் லீவு? பதினாலு மாசமா ஒரு நாள்கூட நிக்கல. பாதத்துல ரப்பர் எப்பவோ தேய்ஞ்சு இரும்பு தெரியுது பாருங்க. உதைக்கறதுக்கு முன்னாடியே லேசா நொண்டிட்டுத்தான் இருந்திருக்கு, பதிவுல இருக்கு."

எனக்கு அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. வயசுக்கு மரியாதை கொடுத்து விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை மில் ஆபீஸில் எல்லோர் முன்னாலும் சான்றிதழை வாசித்தேன். முதல் வரி, 'மேற்படி கால்நடைக்குக் கடுமையான வலிக்கான அறிகுறிகள் உள்ளன.' கனகசபாபதியின் முகம் மலர்ந்தது. முகில்வண்ணன் குனிந்து பேனாவைத் திறந்தார். மாராத்தாள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. சத்தியம் பண்ணிச் சொன்னவள் இப்படிப் பண்ணிவிட்டாளே என்று அவள் நினைத்திருப்பாள். நான் நிறுத்தாமல் இரண்டாவது வரிக்குப் போனேன்.

'பாதத் தேய்மானம், நீண்டநாள் நொண்டல் ஆகியவற்றுக்கு முதன்மைக் காரணம் ஓய்வில்லாமல் வேலை வாங்கியதே. வேலை செய்யும் கால்நடைகளை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்பது விதி. உரிமையாளர் இருபத்தொன்றரை மணி நேரம் வாங்கியுள்ளார். பதினான்கு மாதங்கள். ஆகவே வதை செய்தவர்களில் முதலாமவர் உரிமையாளரே.'

கனகசபாபதி தாளை எட்டிப் பிடுங்கிப் பார்த்தார்.

"என்னுங்க டாக்டரம்மா இது?" என்றார் கனகசபாபதி. "மிஷினுங்க இது! மிஷினுக்கு ஏதுங்க ஒம்பது மணி நேரம்?"

"மிஷினுங்களா? கால்நடைன்னு சொல்லித்தானுங்களே கேஸ் குடுத்தீங்க."

"அது வந்துங்க, கேசுக்காகச் சொன்னது..."

முகில்வண்ணன் எழுதிக்கொண்டே நிதானமாகக் கேட்டார். "சார், அப்ப முதல் குற்றவாளியா உங்க பேரப் போடவா? இல்ல புகார வாபஸ் வாங்கறீங்களா?"

அரைமணி நேரத்தில் வாபஸ் எழுதிக் கொடுத்துவிட்டார். மாராத்தாள் படியிறங்கிப் போய்க் கடைசிப் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அன்றைக்குத்தான் பெருவிரலுக்கு மருந்து வைக்க விட்டாள். மாட்டுக்கு வைக்கிற மருந்துதான், நன்றாகவே ஆறியது.

ஆனால் நான் அத்தோடு விடவில்லை. மச்சாண்டார் இன்னும் பதிவேட்டில் கால்நடைதானே! ஓய்வு உத்தரவு போட்டேன். நாளுக்கு ஒன்பது மணி நேரம் மட்டும் வேலை. வெயில் கொளுத்தினால் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நிழலில் படுக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர்த் தொட்டி.

"அது தண்ணி குடிக்காதுங்களே!" என்று போனில் கத்தினார் கனகசபாபதி.

"தொட்டி கட்டறது உங்க பொறுப்புங்க. குடிக்கறதும் குடிக்காததும் அது இஷ்டம்."

கட்டினார். மச்சாண்டார் வேப்பமரத்தடியில், நிறைந்த தொட்டிக்குப் பக்கத்தில், காலை நீட்டிக்கொண்டு படுத்தது. காக்காய்கள் குளித்தன. இன்னும் இரண்டு வாங்க அவர் ஆர்டர் போட்டார், வருவதற்கு எட்டு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை மிச்சமிருந்த பதினைந்து மணி நேரமும் பெண்கள் வால் இல்லாமல் பாத்ரூம் போனார்கள். வாரா வாரம் கால்நடையைப் பார்க்கப் போகும் சாக்கில் நானும் போவேன். போகும்போது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். முன்பு அந்த மில்லில் நான் அதைக் கேட்டதே இல்லை.

ஆறு மாதம் அப்படி ஓடியது. ஐப்பசியில் மேலேயிருந்து திருத்த உத்தரவு வந்தது. மகராசனுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. இனி இயந்திரங்கள் கால்நடைகள் அல்ல. மில்லில் பட்டாசு வெடித்தார்கள். மச்சாண்டாருக்குப் புது ரப்பர் போட்டு, மறுபடியும் இருபத்தொன்றரை மணி நேரம் நடக்கவிட்டார்கள். இந்த முறை மூன்று நிமிடம் இல்லை, இரண்டரை.

ஆறுச்சாமி அந்த உத்தரவை மேசைமேல் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்தவர் மறுபடியும் ஒரு தடவை படித்தார்.

"ஏனுங்கம்மா, இதுல கால்நடைன்னா என்னன்னு போட்ருக்காங்க பாருங்க. 'இரண்டோ அதற்கு மேற்பட்டோ கால்களால் நடந்து, உரிமையாளரின் வளாகத்தில் அவர் கட்டளைப்படி வேலை செய்யும் எதுவும்.' ரெண்டு கால் ரோபோ வரப்போகுதுன்னு மொதல்லயே போட்டு வச்சிருந்தாங்களாட்ட இருக்குது. அத அப்பிடியே உட்டுப்போட்டு, கடைசியில 'இயந்திரங்கள் நீங்கலாக'ன்னு மட்டும் சேத்திருக்காங்க."

"சரி, அதுக்கென்ன இப்ப?"

"மிஷின நீக்கிப்போட்டா மிச்சம் ஆருங்கம்மா வர்றா?"

ஆறுச்சாமி இதை என்னிடம் மட்டும் சொன்னதாகத்தான் சாதிக்கிறார். ஆனால் அவர் வீடு மாராத்தாள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, மாடுகளும் ஆடுகளும் வரிசையில் நின்ற மருந்தக வாசலில் இருபத்தொரு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்கள், முகமெல்லாம் பஞ்சு. ஒரு சினைப்பசுவுக்குப் பின்னால் மாராத்தாள் நின்றாள்.

"என்னம்மிணி, கூட்டமா வந்துருக்கற? மாடு எங்க?"

"மாடு இல்லீங்க. எங்களைப் பதிஞ்சு குடுங்க."

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"மாராத்தா, உங்களுக்குத் தனியாச் சட்டம் இருக்குதே. எட்டு மணி நேரம், ஓய்வு, எல்லாமே இருக்குது."

"இருக்குதுங்க, சொன்னாங்க. ஆனா அதப் பாக்கறதுக்கு இருபத்திரண்டு வருசத்துல ஆருமே உள்ள வந்ததில்லீங்க. மச்சாண்டாரப் பாக்க நீங்க வாராவாரம் வந்தீங்க. எங்களுக்கும் அது போதுங்க."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பேனாவை எடுத்தேன். போனால் போகிறது, இன்னும் ஒரு வருடச் சொச்சம்தானே சர்வீஸ்!

"கால் எத்தனை?"

"ரெண்டுங்க."

"கறவையா, வேலைக்கா?"

"வேலைக்குங்க."

"இனம்?"

பின்னால் நின்ற ஒருத்தி "நாட்டு இனம்னு போடுங்க" என்றாள். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். சினைப்பசு திரும்பிப் பார்த்தது.

இருபத்தொரு படிவமும் பூர்த்தி செய்தேன். அன்று மத்தியானமே மில்லுக்கு நோட்டீஸ் போனது. தங்கள் வளாகத்தில் பதிவு பெற்ற இருபத்தொரு கால்நடைகள் விதியை மீறி நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கப்படுகின்றன, ஏழு நாளில் எழுத்துபூர்வமாக விளக்கம் தர வேண்டும். எனக்கு மேலேயிருந்து மூன்றாம் நாள் மெமோ வந்தது. தங்கள் மனநிலை குறித்து விளக்கம் தரவும் என்று கேட்டிருந்தார்கள். மனநிலை நன்றாக இருப்பதாக எழுதினேன்.

ஆறாம் நாள் கனகசபாபதியின் பதில் பதிவுத் தபாலில் வந்தது. வக்கீல் கோபத்தில் எழுதியிருக்கிறார் என்பது எழுத்திலேயே தெரிந்தது. கீழே முதலாளியின் கையெழுத்து, மில்லின் முத்திரை. ஆறுச்சாமியை அனுப்பி மாராத்தாளைக் கூப்பிட்டுவரச் சொன்னேன். அவள் வந்து மேசைக்கு எதிரில் உட்கார மாட்டேன் என்று நின்றாள். வாசித்தேன்.

"'தங்கள் நோட்டீஸில் கண்ட இருபத்தொரு பேரும் கால்நடைகள் அல்லர். அவர்கள் மனிதர்கள் என்று இதன்மூலம் சான்றளிக்கிறோம். மனிதர்களுக்கான எட்டு மணி நேர வேலை, ஓய்வு, கழிப்பறை வசதி உள்ளிட்ட சட்டங்களே அவர்களுக்குப் பொருந்தும் என்பதை நிர்வாகம் முழுமையாக ஒப்புக்கொள்கிறது.'"

"எட்டு மணி நேரமுன்னு அவுங்களே எழுதிருக்காங்களா?"

"கையெழுத்தோட எழுதியிருக்காங்க. இத எங்க வேணும்னாலும் கொண்டுபோய்க் காட்டலாம். இனி மாட்டு டாக்டர் தேவையில்ல."

அவள் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள். படிக்கத் தெரியாது. விரலால் வரிகளைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பி என்னிடமே கொடுத்தாள்.

"மனுசங்கன்னு ஒரு வரி வந்துச்சுங்களே டாக்டரம்மா, அத மட்டும் இன்னொருக்காப் படிங்க."

வாசலில் மாடு பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன்.